பேசுகிறவரும் முழிக்கிறவரும்: அந்த மலையாள நிகழ்ச்சியின் பெயர் என்ன?

கம்பத்துப் பையன்:
சின்ன வயதில் லீவுக்கு வண்டிப்பெரியாறு சித்தி வீட்டுக்குப் போவேன். அங்கே மலையாள டிவியில் இரண்டு பேர் போன் பண்ணுகிறவர்களை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருத்தர் பேசிக்கொண்டே இருப்பார், இன்னொருத்தர் முழித்துக்கொண்டே இருப்பார். அது என்ன நிகழ்ச்சி? இப்போதும் சேர்ந்து செய்கிறார்களா?

குமுளி கேபிள்காரன்:
தம்பி, அது ஏசியாநெட் பிளஸ்ஸில் வந்த ‘பிளஃப் மாஸ்டர்ஸ்’. பேசுகிறவர் ரமேஷ் பிஷாரடி. முழிக்கிறவர் தர்மஜன் போல்காட்டி. போல்காட்டி என்பது கொச்சிக்காயலில் இருக்கும் தீவு.

நான் அப்போது எஸ்டேட் லயங்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகள்) கேபிள் இழுத்துக்கொண்டிருந்தேன். மழையில் கிளை விழுந்து ஒயர் அறுந்தால் ‘சன் டிவி வரலே’ என்று முதல் போன் வரும். அடுத்த போன் இவர்களைக் கேட்டுத்தான், அதுவும் தமிழ் வீடுகளிலிருந்து.

அந்த வீடுகளில் எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்து பார்ப்பார்கள், ஆனால் சிரிப்பு ஒரே நேரத்தில் வராது. பாட்டி தர்மஜன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படிக்கிற பேரன் பிஷாரடி சொன்னதற்குச் சிரிப்பான். பாட்டி அவனைப் பார்த்து ‘என்னடா, என்ன சொன்னான்?’ என்று கேட்கும். அவன் சொல்லிப் பார்ப்பான், தமிழில் சொன்னால் சப்பென்று இருக்கும். பிஷாரடியின் வேலை அத்தனையும் வார்த்தையில். தர்மஜனுக்குப் பாஷையே வேண்டாம்.

எனக்குப் பிஷாரடி பிடிபட நாலைந்து வருஷம் ஆனது. ஒருநாள் போஸ்டில் ஏறி நிற்கிறேன், கீழ்வீட்டு டிவியில் அவர் ஏதோ சொன்னார். சிரித்ததில் கட்டிங் பிளேயர் கைநழுவிக் கோழிக்கூண்டு மேல் விழுந்தது. அன்றைக்குத்தான் நமக்கு மலையாளம் வந்துவிட்டது என்று தெரிந்தது.

பீர்மேடு டீச்சர்:
கூடுதலாகக் கொஞ்சம். பிஷாரடி நடிகர் சலீம் குமாரின் மிமிக்ரி குழுவில் இருந்தவர். தர்மஜன் ஏசியாநெட்டின் ‘சினிமாலா’ காமெடி நிகழ்ச்சியில் வந்தவர். 2013இல் ‘படாயி பங்களா’ டிவி நிகழ்ச்சி தொடங்கியதும் பிஷாரடி, நடிகர் முகேஷ், ஆர்யா என்று அது வேறொரு கூட்டணி. (படாயி என்றால் நம்ம ‘பீலா’.) தர்மஜன் 2010இலேயே சினிமாவுக்குப் போய்விட்டார். 2016இல் அவர் நடித்த ‘கட்டப்பனயிலே ரித்விக் ரோஷன்’ படம் வந்தபோது எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு வாரம் அதே பேச்சு. பிஷாரடி முதன்முதலில் இயக்கிய ‘பஞ்சவர்ணதத்த’யில், 2018இல், தர்மஜனும் உண்டு. 2021 கேரள சட்டமன்றத் தேர்தலில் தர்மஜன் பாலுசேரியில் நின்று தோற்றார்.

கம்பத்துப் பையன்:
நன்றி அண்ணே, நன்றி டீச்சர். சித்திக்குப் போன் போட்டு இரண்டு பெயரையும் சொன்னேன். ‘பேரெல்லாம் யாருக்குடா தெரியும், அந்த முழிக்கிற பய நல்லா இருக்கானா?’ என்கிறாள்.