ட்ரிப் கணக்கில் ஓட்டும் பிரைம் மூவர் டிரைவர் "சுயதொழில்" என்கிறார்கள்: அடிபட்டதற்கு இழப்பீடு, மசே (மத்திய சேம) நிதி கேட்க முடியுமா?

கிளாஸ்ஃபைவ்:
வணக்கம். ஒரு ஹாலேஜ் (சரக்குப் போக்குவரத்து) நிறுவனத்துக்கு இரண்டு வருடமாக பிரைம் மூவர் (ட்ரெய்லரை இழுக்கும் லாரி) ஓட்டுகிறேன். சிங்கப்பூரர். லாரி, டீசல், ஈஆர்பி (சாலைக் கட்டணம்) எல்லாம் அவர்களுடையது. ட்ரிப் கணக்கில் மாதம் 3,600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அளவில் வரும். சேரும்போது "சுயதொழில் செய்பவர், மசே நிதி இல்லை, காப்புறுதி சொந்தப் பொறுப்பு" என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். போன வாரம் ட்ரெய்லரின் தாங்கு கால்களை இறக்கும்போது கைப்பிடி எதிர்ப்பக்கம் சுழன்று மணிக்கட்டு எலும்பில் விரிசல் விட்டுவிட்டது. 21 நாள் எம்சி (மருத்துவ விடுப்பு). "நீங்க சப்-கான் (துணை ஒப்பந்தக்காரர்), எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று சொல்லிவிட்டார்கள். என்ன வழி?

யார்டு_கணக்கு:
தம்பி, அந்தத் தாளைக் கண்டு பயப்படாதீங்க. தலைப்பில் என்ன எழுதியிருக்கு என்பதை வைத்து மனிதவள அமைச்சு முடிவு செய்யாது, வேலை நடக்கும் விதத்தைத்தான் பார்க்கும். நேரத்தையும் ட்ரிப்பையும் யார் முடிவு செய்வது, வண்டி யாருடையது, லாப நட்டம் யார் தலையில் விழுவது: இந்த மூன்றும்தான் முக்கியம். இதற்குப் பதில் சொல்லுங்க: ட்ரிப்பை மறுக்க முடியுமா? உங்களுக்குப் பதிலா வேறு டிரைவரை அனுப்ப முடியுமா? தாமதமானால் பணம் பிடிக்கிறார்களா? வேறு நிறுவனத்துக்கு ஓட்ட விடுவார்களா?

கிளாஸ்ஃபைவ்:
மறுத்தால் மறுநாள் ட்ரிப் கொடுக்க மாட்டார்கள். ஆள் மாற்ற முடியாது, போர்ட் பாஸ் என் பெயரில் இருக்கு. காலை 6 மணிக்கு யார்டில் நிற்கணும், தாமதமானால் 50 வெள்ளி பிடிப்பார்கள். வேறு இடத்துக்கு ஓட்டக்கூடாது.

யார்டு_கணக்கு:
அப்படியென்றால் நீங்கள் சொல்வது எல்லாம் ஊழியர் பக்கம்தான் சாய்கிறது. ட்ரிப்புக்குக் காசு கொடுப்பது சம்பளம் கணக்கிடும் ஒரு முறை, அவ்வளவுதான். ஏசிஆர்ஏ-வில் (வர்த்தகப் பதிவு ஆணையத்தில்) பெயர் பதிந்திருந்தாலும் அதுவே முடிவாகாது. வாட்ஸ்அப்பில் வந்த ட்ரிப் உத்தரவுகள், டெலிவரி ஆர்டர், பணம் வந்த பேங்க் வரிகள், 50 வெள்ளி பிடித்த செய்தி என்று எல்லாத்தையும் இன்றே வேறு போனுக்கும் ஈமெயிலுக்கும் அனுப்பி வையுங்க. வேலையை விட்டதும் குரூப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள், அப்போது ஒன்றும் மிஞ்சாது.

சேஃப்டி_லதா:
இழப்பீட்டைப் பற்றி நான் சொல்கிறேன், இதில்தான் நேரம் முக்கியம். வேலைக் காய இழப்பீட்டுச் சட்டம் ஊழியர்களுக்கானது. உடல் உழைப்பு வேலை என்றால் சம்பளம் எவ்வளவு என்றாலும் முதலாளி காப்புறுதி எடுத்திருக்கணும். எம்சி கொடுக்கப்பட்ட வேலைக் காயத்தை அவருக்குத் தெரிந்த 10 நாளுக்குள் மனிதவள அமைச்சிடம் அறிவிக்கவும் வேண்டும். அவர் அறிவிக்கவில்லை என்றால் நீங்களே கோரிக்கை தாக்கல் செய்யலாம். விபத்து நடந்து ஒரு வருடத்துக்குள் செய்யணும்.

முதலில் எழுத்தில் தெரிவியுங்க: தேதி, நேரம், இடம், ட்ரெய்லர் எண், எப்படி அடிபட்டது, யார் பார்த்தார்கள். டாக்டரிடமும் அதையேதான் சொல்லணும். "கீழே விழுந்தேன்" என்று கிளினிக் குறிப்பில் இருந்து, கோரிக்கையில் கைப்பிடி என்று இருந்தால் அதைப் பிடித்துக்கொள்வார்கள்.

கணக்கு: வெளிநோயாளி எம்சி என்றால் முதல் 14 நாளுக்கு முழு ஊதியம், மீதி 7 நாளுக்கு மூன்றில் இரண்டு பங்கு. ஊதியம் என்பது விபத்துக்கு முந்திய 12 மாத சராசரி. அதனால் ட்ரிப் சீட்டு ஒரு மாதம் காணாமல் போனாலும் உங்களுக்குத்தான் நட்டம். மருத்துவச் செலவு ஒரு வருடம் வரை, 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு 53,000 வெள்ளி வரை. பிடி வலு நிரந்தரமாகக் குறைந்தால் அதற்குத் தனி இழப்பீடு உண்டு. அதனால் எலும்பு சேர்ந்ததும் விட்டுவிடாமல் பின்தொடர் சிகிச்சைக்குப் போய்க்கொண்டே இருங்க.

லாரி காப்புறுதியை நம்ப வேண்டாம். சட்டப்படி கட்டாயமானது மூன்றாம் தரப்புப் பகுதி (மற்றவர்களுக்கு ஏற்படும் காயம்) மட்டும்தான்.

கிளாஸ்ஃபைவ்:
நன்றி அக்கா. மசே நிதிக்கும் அதே இடத்தில்தான் கேட்கணுமா?

யார்டு_கணக்கு:
இல்லை, அது மசே நிதிக் கழகம். தனி வழி. 55 வயதுக்குள் என்றால் 3,600 வெள்ளிக்கு முதலாளி பங்கு 17 விழுக்காடு, அதாவது 612 வெள்ளி. உங்கள் பங்கு 20 விழுக்காடு, 720 வெள்ளி. கட்டாத முதலாளிக்கு மாதம் 1.5 விழுக்காடு வட்டி. கழகத்தின் இணையத்தளத்தில் புகார் கொடுக்கலாம், அவர்களே விசாரிப்பார்கள்.

ஓவர்டைம் பற்றியும் பாருங்க. லாரி டிரைவர் வேலை நியமனச் சட்டப்படி "ஒர்க்மேன்" (உடல் உழைப்பு ஊழியர்). அடிப்படைச் சம்பளம் 4,500 வெள்ளியைத் தாண்டாதவரை அந்தச் சட்டத்தின் நான்காம் பகுதி பொருந்தும்: வாரம் 44 மணி நேரம், அதற்கு மேல் ஒன்றரை மடங்கு. ட்ரிப் கணக்கில் இருப்பவர்களுக்கு அந்த வாரச் சம்பளத்தை அந்த வாரம் உழைத்த மணிகளால் வகுக்கணும். 60 மணி நேரத்துக்கு 900 வெள்ளி என்றால் மணிக்கு 15, ஒன்றரை மடங்கு 22.50. 44-ஐத் தாண்டிய 16 மணி நேரத்துக்கு 360 வெள்ளி. கேட் நேரம், போர்ட்டில் வரிசையில் நின்ற நேரம் எல்லாம் எழுதி வைத்திருந்தால் மணி நேரத்தை நிரூபிக்கலாம்.

சம்பளம், ஓவர்டைம் சண்டை டிஏடிஎம் (வேலைத் தகராறுகளுக்கான முத்தரப்பு அமைப்பு) சமரசத்துக்குப் போகும். தீராவிட்டால் வேலைவாய்ப்புக் கோரிக்கைகள் நடுவர் மன்றம், 20,000 வெள்ளி வரை, தொழிற்சங்கத்தின் வழி போனால் 30,000. வேலையை விட்டவர்களுக்கு 6 மாதம்தான் அவகாசம். பலர் இதில்தான் தவறவிடுகிறார்கள்.

பத்தடி_லாரி:
என் நிலைமை வேறு. லாரி என் பெயரில், மூன்று கம்பெனிக்கு ஓட்டுகிறேன், ஒரு டெலிவரி ஆப்பிலும் இருக்கேன். இதில் நான் யார்?

சேஃப்டி_லதா:
கம்பெனி வேலைகளில் நீங்கள் உண்மையிலேயே சுயதொழில் செய்பவர். நிகர வருமானம் வருடம் 6,000 வெள்ளிக்கு மேல் என்றால் மெடிசேவ் (மசே நிதியின் மருத்துவச் சேமிப்புக் கணக்கு) கட்டணும். காய இழப்பீட்டுச் சட்டம் வராது, சொந்தமாக விபத்துக் காப்புறுதி எடுங்க. பணம் கொடுக்காமல் இழுத்தடித்தால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம், 20,000 வெள்ளி வரை, இரண்டு வருடத்துக்குள்.

ஆப் வேலை தனி. 2025 ஜனவரி 1 முதல் இணையத்தள ஊழியர் சட்டம் நடப்பில் இருக்கு. ஆப் நிறுவனம் அதன் கீழ் வந்தால், அந்த வேலையில் அடிபட்டால் ஊழியருக்கு உள்ள அதே அளவு இழப்பீடு. 1995 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு உயர்த்தப்பட்ட மசே நிதி விகிதம் கட்டாயம், மூத்தவர்கள் விரும்பினால் சேரலாம். எந்த ஆர்டர் ஓடும்போது அடிபட்டது என்பது முக்கியம், திரையைப் படம் எடுத்து வையுங்க.

ஜேபி_டு_துவாஸ்:
மலேசியர், ஒர்க் பெர்மிட். என்னிடமும் "சப்-கான்" தாள் நீட்டினார்கள்.

யார்டு_கணக்கு:
கையெழுத்துப் போடாதீங்க. பெர்மிட்டில் பெயர் இருக்கும் முதலாளியிடம்தான் வேலை செய்யலாம், அதே பெர்மிட்டில் சுயதொழில் கிடையாது. மசே நிதி வராது, ஆனால் காய இழப்பீடும் சம்பளப் பாதுகாப்பும் உங்களுக்கும் உண்டு.

கிளாஸ்ஃபைவ்:
அறிவிப்பு ஈமெயிலில் அனுப்பிவிட்டேன். இப்போது 1,500 வெள்ளி கையில் தருகிறோம், "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிக் கொடுங்கள் என்கிறார்கள்.

சேஃப்டி_லதா:
எழுதிக் கொடுக்காதீங்க. உங்கள் 21 நாள் எம்சி ஊதியமே அதைத் தாண்டும், சிகிச்சையும் முடியவில்லை. அவர்கள் அனுப்பிய அந்தச் செய்தியையும் சேமித்து வைத்து, கோரிக்கையை இந்த வாரமே தாக்கல் செய்யுங்க.