24 செல்லும் மாத்தணுமா, மூணு போதுமா? (25.6 வோல்ட் பவர் ஸ்டேஷன், கெபாசிட்டி பாதியாயிடுச்சு)

ஜெராக்ஸ்கடை_சத்துவாச்சாரி
கடையில கம்ப்யூட்டருக்கும் இங்க்ஜெட் பிரிண்டருக்கும் ஒரு பவர் ஸ்டேஷன் (பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஒண்ணா இருக்கிற பெட்டி) போட்டிருக்கு. 460 வாட்-ஹவர், லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. நாலு வருஷம் ஆச்சு, வாரன்டி கிடையாது. ஒரு மாசமா 40% காட்டும்போதே பொசுக்குன்னு ஆஃப் ஆயிடுது. மூடியைக் கழட்டிப் பார்த்தா 32700 சைஸ் செல் 24 இருக்கு. மூணு மூணா பேரலல், எட்டு குரூப் சீரிஸ்.

சார்ஜ் நிக்கும்போது 5வது குரூப் 3.64 வோல்ட், மத்ததெல்லாம் 3.37லிருந்து 3.40. 200 வாட் லோடு போட்டு, ஆஃப் ஆகுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி பார்த்தா 5வது குரூப் 2.71, மத்தது 3.15 பக்கம். ரிப்பேர் கடையில 24ம் மாத்தணும்னு சொல்றாங்க. 5வது குரூப்ல இருக்குற மூணை மட்டும் மாத்தினா ஓடுமா?

காட்பாடி_வயர்மேன்
கடைக்காரர் சொன்னதுதான் சரி நைனா. பழைய செல் நடுவுல மூணு புதுசைச் சொருகினா, ஆறு மாசத்துல அடுத்த குரூப் படுக்கும். திரும்பப் பெட்டியைத் திற, பசையைச் சுரண்டு, செல்லுங்களை இணைக்கிற நிக்கல் பட்டையைப் பிடுங்கு. ஒவ்வொரு தடவை பிடுங்கும்போதும் செல்லோட மூஞ்சி கிழியும். ஒரே பேட்ச் 24 செல் வாங்கி ஒரே மூச்சா முடிச்சிடுங்க.

பாலாறு_கரை
எதையும் வாங்குவதற்கு முன் அளக்க வேண்டியது பாக்கி இருக்கிறது. சார்ஜில் முதலில் உச்சிக்குப் போவது ஒரு குரூப், டிஸ்சார்ஜில் முதலில் விழுவது வேறொரு குரூப் என்றால் அது வெறும் பேலன்ஸ் கோளாறு, அதாவது குரூப்களின் சார்ஜ் அளவு சமமாக இல்லை. செல் மாற்றவே வேண்டாம். இரண்டிலும் ஒரே குரூப் முந்தினால் அதன் கெபாசிட்டி குறைந்துவிட்டது. உங்கள் அளவு இரண்டாவது வகை.

ஆனால் கெபாசிட்டி குறைந்தது என்றாலே செல் செத்தது என்று அர்த்தமில்லை. மூன்றில் ஒரு செல்லைப் பட்டையோடு ஒட்டியிருக்கும் வெல்டு விட்டிருந்தாலும் 18 ஆம்பியர்-ஹவர் குரூப் 12 ஆகிவிடும். மீட்டருக்கு அச்சு அசல் இதே அறிகுறிதான். அந்தப் பெட்டி ஆடும் அலமாரியில் இருந்தாலோ, அடிக்கடி தூக்கிக்கொண்டு போனாலோ இது நடக்கும்.

சோதனை: 200 வாட் லோடு ஓடட்டும். மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையைச் செல்லின் உலோக முகத்திலேயே வையுங்கள், பட்டை மேல் அல்ல. இன்னொரு முனை நிக்கல் பட்டையில். நல்ல வெல்டு சில மில்லிவோல்ட்தான் காட்டும். விட்ட வெல்டு நூற்றுக்கணக்கில் காட்டும். ஒவ்வொரு செல்லுக்கும் பிளஸ் பக்கம், மைனஸ் பக்கம் இரண்டிலும் பாருங்கள்.

கை வைப்பதற்கு முன்: மோதிரம், வாட்ச், காப்பு எல்லாம் கழற்றிவிடுங்கள். இன்வெர்ட்டர் போர்டில் இருக்கும் பெரிய கெபாசிட்டர்களில் 400 வோல்ட் வரை நிற்கும், பட்டனை அணைத்த பிறகும். லோடு ஓடும்போது அந்தப் பக்கமே போக வேண்டாம்.

காட்பாடி_வயர்மேன்
நாலு வருஷம் ஓடின பேக்குக்கு வெல்டு பார்த்துக்கினு இருக்கீங்க. இந்த ஊர் வெயில்ல நாலு வருஷம்னா மத்த ஏழு குரூப்பும் இன்னா நிலைமையில இருக்கும்?

ஆற்காடு_ஓம்
வெயில் பத்தி வயர்மேன் சொல்றது நியாயம். ஆனா அதுக்கு மருந்து புதுசா 24 செல் இல்ல. இந்த வகை செல்லுக்குச் சார்ஜ் ஏத்த 45 டிகிரிதான் உச்ச வரம்பு. கத்திரி வெயில்ல தகர ஷீட் கூரைக்குக் கீழ, மேல் அலமாரியில பெட்டி இருந்தா, மதியம் 2 மணிக்குச் சார்ஜ் ஏறும்போது உள்ள 45ஐத் தாண்டாம இருக்குமா? புது செல் போட்டு அதே அலமாரியில வச்சா அதுவும் அதே கதிதான்.

பெட்டியைத் தரைக்குப் பக்கத்துல வைங்க, சுவத்துலேர்ந்து ஒரு சாண் தள்ளி. ஃபேன் ஜாலியில பேப்பர் தூசி அடைஞ்சிருக்கும், பிரஷ் போட்டுத் தட்டுங்க. ஃபாஸ்ட் சார்ஜை ஆஃப் பண்ணுங்க, 460 வாட்-ஹவருக்கு 100 வாட் சார்ஜ் தாராளம். சாயந்திரம் கடை மூடும்போது ஏ.சி. அவுட்புட் பட்டனை அணைங்க. இன்வெர்ட்டர் சும்மா இருந்தாலே 10லிருந்து 20 வாட் தின்னும்; 15 வாட்னு வச்சாலும் 24 மணி நேரத்துல 360 வாட்-ஹவர். லோடே இல்லாம தினம் முக்கால் சைக்கிள் வீணாப் போகும்.

அப்புறம் 80%க்கு மேல ஏத்தாதீங்க.

பாலாறு_கரை
கடைசி வரி மட்டும் இந்தப் பெட்டிக்குப் பொருந்தாது. 80% வரம்பு நிக்கல்-மாங்கனீஸ்-கோபால்ட் என்ற வேறு வகை லித்தியம் செல்களுக்கு நல்ல பழக்கம். இரும்பு பாஸ்பேட்டில் நடுப்பகுதி முழுக்க 3.3 வோல்ட் பக்கமே தட்டையாக நிற்கும். அங்கே எந்தக் குரூப் முன்னே எது பின்னே என்று பி.எம்.எஸ்ஸால் (செல்களைக் கண்காணிக்கும் போர்டு) கண்டுபிடிக்க முடியாது. 3.4ஐத் தாண்டினால்தான் பேலன்ஸ் வேலையே தொடங்கும். எப்போதும் 80%இல் நிறுத்தினால் பேலன்ஸே நடக்காது, சதவீதக் கணக்கும் தடம் மாறும். மாதம் ஒருமுறையாவது 100% ஏற்றி, இரண்டு மூன்று மணி நேரம் பிளக்கிலேயே விடுங்கள்.

ஆற்காடு_ஓம்
மாசம் ஒரு தடவைன்னா சரி. தினமும் 100%ல, 40 டிகிரியில, 24 மணி நேரமும் பிளக்ல மாட்டி வைக்கிறதைத்தான் வேணாம்ங்கிறேன். கடைகள்ல அப்படித்தானே வச்சிருக்காங்க.

ஜெராக்ஸ்கடை_சத்துவாச்சாரி
பாலாறு சார், நீங்க சொன்ன மாதிரி அளந்தேன். 5வது குரூப்ல ரெண்டு செல் 2, 3 மில்லிவோல்ட். மூணாவது செல் மைனஸ் பக்கம் 580. அந்தச் செல்லைத் தனியா அளந்தா 3.29 வோல்ட்.

பாலாறு_கரை
வெல்டுதான். அறுந்தபோது இருந்த சார்ஜோடு அந்தச் செல் அப்படியே ஒதுங்கி நிற்கிறது. மீதி இரண்டும் மூன்று செல்லின் வேலையைச் செய்கின்றன. அதனால்தான் மேலேயும் கீழேயும் அந்தக் குரூப் முந்துகிறது.

இப்போதே வெல்டு அடித்துவிடாதீர்கள். வோல்ட் ஒத்துப்போனாலும் 3.29 என்பது 40%ஆகவும் இருக்கலாம், 60%ஆகவும் இருக்கலாம். அந்தச் செல்லையும், குரூப்பின் மீதி இரண்டையும் தனித்தனியாக பெஞ்ச் சப்ளையில் (வோல்ட், கரண்ட் இரண்டையும் நாமே செட் செய்யும் பவர் சப்ளை) 3.60 வோல்ட்டில் வைத்து, கரண்ட் 0.3 ஆம்பியருக்குக் கீழே இறங்கும் வரை ஏற்றுங்கள். பிறகு சேருங்கள். இதெல்லாம் தொடங்கும் முன் பி.எம்.எஸ்ஸின் மெல்லிய பேலன்ஸ் கனெக்டரை முதலில் உருவ வேண்டும், பிறகுதான் பெரிய வயர்கள். திரும்ப மாட்டும்போது பெரிய மைனஸ் முதலில், பேலன்ஸ் கனெக்டர் கடைசியில். சொருகும் முன் அதன் பின்களை மீட்டரில் வரிசையாகப் பாருங்கள்: 3.3, 6.6, 9.9 என்று படிப்படியாக ஏற வேண்டும். ஒரு வயர் இடம் மாறியிருந்தாலும் போர்டு புகைந்துவிடும். மாட்டி முடித்ததும் அவுட்புட் செத்த மாதிரி இருந்தால் பயப்படாதீர்கள், பல பி.எம்.எஸ்கள் சார்ஜரை ஒரு தடவை செருகினால்தான் விழிக்கும்.

காட்பாடி_வயர்மேன்
வெல்டு விட்டிருக்கு, ஒத்துக்கிறேன். ஆனா அந்த ரெண்டு செல்லும் இன்னா பாடு பட்டிருக்கும்னு பாருங்க. 200 வாட்டுக்கு இன்வெர்ட்டர் நஷ்டம் சேர்த்து 9 ஆம்பியர். ஆளுக்கு 3 போக வேண்டிய இடத்துல 4.5 போயிருக்கு. அதோட ஒவ்வொரு தடவையும் அடிமட்டம் வரைக்கும் காலி. அதை நம்பித் திரும்ப மூடுறது வேஸ்ட். 24 வேணாம்னா அந்த மூணையாவது மாத்துங்க.

பாலாறு_கரை
அதையும் அளந்தே முடிவு செய்யலாம். மூன்றையும் முழுசா ஏற்றி, ஒவ்வொன்றையும் 3 ஆம்பியரில் 2.5 வோல்ட் வரை இறக்குங்கள். புதுசில் 6 ஆம்பியர்-ஹவர். 4.8க்கு மேல் இருந்தால், மூன்றுக்கும் வித்தியாசம் 0.3க்குள் இருந்தால், அப்படியே போடுங்கள். 4.2க்குக் கீழே என்றால் வயர்மேன் சொல்வதுதான் வழி. இடைப்பட்டது என்றால் கடை எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்பதைப் பொறுத்தது.

காட்பாடி_வயர்மேன்
இடைப்பட்டதுன்னா மாத்துறதுதான். இதுல நம்ம ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகாது, விடுங்க. எப்படியும் வெல்டு அடிக்கத்தான் போறீங்க, அதுக்குச் சொல்றேன். சால்டரிங் அயர்ன் பக்கமே போகாதீங்க, சூடு உள்ளே இறங்கி சீல் போயிடும். ராணிப்பேட்டை, காட்பாடி பக்கம் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் பேக் பார்க்கிற கடையில ஸ்பாட் வெல்டர் இருக்கும். பட்டை 0.15 மில்லிமீட்டர் கனம், 8 மில்லிமீட்டர் அகலம், சுத்த நிக்கல். நிக்கல்னு சொல்லி முலாம் பூசின இரும்பைத் தலையில கட்டுவாங்க. ஒரு துண்டைச் சுரண்டி உப்புத்தண்ணியில ராத்திரி பூரா போடுங்க, காலையில துரு ஏறியிருந்தா இரும்பு. வெல்டு அடிச்சதும் ஒரு சாம்பிள் துண்டைக் கட்டிங் பிளேயரால பிடுங்கிப் பாருங்க. பட்டை கிழிஞ்சு, புள்ளி செல்லுலயே ஒட்டியிருக்கணும். சுத்தமா உரிஞ்சு வந்தா பவர் பத்தல.

பிளஸ் முனையில வட்ட இன்சுலேஷன் பேப்பர் இல்லாம பட்டை வைக்காதீங்க. அந்தச் செல்லோட தோள்பட்டை முழுக்க மைனஸ். மேல இருக்கிற ஷ்ரிங்க் (பிளாஸ்டிக் உறை) தேய்ஞ்சா பட்டை நேரா ஷார்ட்.

ஆற்காடு_ஓம்
செல் மாத்துறதா முடிவானா, பழசை இரும்புக் கடையில எடைக்குப் போடாதீங்க. ரெண்டு முனையிலும் டேப் ஒட்டி, பேட்டரி ரீசைக்கிள் எடுக்கிறவங்ககிட்ட கொடுங்க. புது செல்லை ஆன்லைன்ல போட்டா தரைவழிதான் வரும், விமானத்துல சாதாரண கூரியரா ஏத்த மாட்டாங்க. அதனால கடை அவசரம்னா அதுக்கும் சேர்த்து நாள் கணக்குப் பண்ணிக்குங்க.