தேர்தல் வரும்போது சபைகள் கவனிக்க வேண்டியவை

தேதி அறிவித்த பிறகு ஆலயத்தில் “எல்லாரும் தவறாம ஓட்டுப் போடுங்க” என்று அறிவிப்பு வாசிப்பது ரொம்பத் தாமதம். வேட்புமனுவின் கடைசி நாள் தாண்டினால் பட்டியலில் பெயர் ஏறாது. ஆட்சேபணைக்கு ஏழு நாள் விட வேண்டும் என்பதால், படிவம் அந்தக் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்னாலாவது போயிருக்க வேண்டும். சபைகளில் அதிகம் விடுபடுவது கல்யாணமாகி வேற்றூர் போன பெண்களும், மாற்றலாகிப் போகும் போதகர் குடும்பங்களும் கன்னியாஸ்திரிகளும்தான். இவர்களுக்கு முகவரி மாற்றத்துக்கான படிவம் 8. விவரம் தெரியாமல் புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6 போட்டால், வேறெங்கும் பெயர் இல்லை என்று பொய் உறுதி கொடுத்ததாகிவிடும். வாக்காளர் அட்டை கையில் இருந்தாலும் பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டு இல்லை.

⁕

மேலே பிரதர் சொன்ன படிவக் கணக்கு சரி. ஆனால் சபைகள் வாய் திறக்காத விஷயம் ஓட்டுக்குப் பணம். கவரைக் கொண்டுவருவது பெரும்பாலும் பக்கத்து பெஞ்சுக்காரர், அதனால்தான் சங்கடம். கொடுப்பவர் மட்டுமல்ல, வாங்குபவரும் குற்றவாளி: பாரதிய நியாய சன்ஹிதா 170, 173ஆம் பிரிவுகள், ஓராண்டு வரை சிறை. பரிதானம் (லஞ்சம்) பார்வையுள்ளவர்களையும் குருடாக்கும் என்கிறது வேதாகமத்தின் யாத்திராகமம் 23.

“வாங்கிட்டேன், சத்தியமும் பண்ணிட்டேன், மாத்திப் போட்டா பாவமா?” இதுதான் அதிகம் வரும் கேள்வி. ஏரோது ராஜா தான் செய்த சத்தியத்தைக் காப்பாற்றப் போய்த்தான் யோவான் ஸ்நானகனின் தலை தாலத்தில் வந்தது. தப்புக்குச் செய்த சத்தியம் மனசாட்சியைக் கட்டாது.

“மெஷின்ல தெரிஞ்சிடும்” என்ற பயத்தில் பாதிதான் உண்மை. ஓட்டு எந்தச் சின்னத்துக்குப் போனது என்று காட்டும் விவிபேட் சீட்டு ஏழு விநாடி தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழும். யார் போட்டது என்று அதில் இருக்காது. ஆனால் பூத் வாரியான எண்ணிக்கை படிவம் 20இல் வெளிவரும். ஊர் முழுக்க ஒரே பூத் என்றால் ஊரின் போக்கு தெரியும், ஆளின் ஓட்டு தெரியாது. பணம் கொடுப்பதைப் பற்றிப் புகார் செய்ய தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலி. அதற்குள்ளேயே படம் எடுக்க வேண்டும், கேலரியில் இருப்பதை ஏற்காது. பெயர் சொல்லாமலும் அனுப்பலாம்.

⁕

பிரசங்க பீடம் பற்றியும் சொல்ல வேண்டும். வேட்பாளரின் சம்மதத்தோடு மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்டால், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3)இன்படி அவர் வெற்றியே ரத்தாகலாம். வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும் என்று 2017இல் உச்சநீதிமன்ற ஏழு நீதிபதிகள் அமர்வு 4:3 என்று தீர்ப்பளித்தது. வழிபாட்டு இடத்தை அரசியலுக்கு விடுவதைத் தடுக்க 1988இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது.

ஞாயிறு ஆராதனைக்கு வேட்பாளர் வந்தால் பெஞ்சில் உட்காரட்டும். மைக், பொன்னாடை, பீடத்துக்கு முன்னால் போட்டோ மூன்றும் வேண்டாம்.

⁕

யாருக்கு என்று போதகர் சொல்லக்கூடாது; எப்படிப் பார்ப்பது என்று சொல்லலாம். தலைவர்களைத் தெரிந்தெடுக்க மோசேக்கு அவர் மாமனார் எத்திரோ சொன்ன அளவுகோல்களில் ஒன்று “பொருளாசையை வெறுக்கிறவர்கள்”. அதைப் பரிசோதிக்க வேட்பாளரின் படிவம் 26 பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணையத் தளத்திலேயே கிடைக்கிறது: வழக்குகள், ஐந்தாண்டு வருமானம், துணையின் சொத்து, அரசுக்கு வைத்த பாக்கி. முன்பே நின்றவர் என்றால் பழைய பத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் சபைக்காரர் என்றால் இன்னும் கவனமாக.

⁕

ஒன்று விட்டுப்போச்சு. உங்கள் பெயரில் வேறு யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டால் திரும்பி வந்துவிடாதீர்கள். “விதி 49பி (49P), டெண்டர் ஓட்டு” என்று வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் கேளுங்கள். அடையாளத்தை உறுதிசெய்து, படிவம் 17பி (17B) பட்டியலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு காகித வாக்குச்சீட்டு தருவார்.