சேல்ஸ்ஃபோர்ஸில் ரிப்போர்ட் எக்ஸ்போர்ட்டைக் கண்காணிக்க உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. சேல்ஸ்ஃபோர்ஸ் (கஸ்டமர் விவரங்களை நிர்வகிக்கும் சாஃப்ட்வேர்) அட்மின் யாராவது இருந்தால் கொஞ்சம் கை கொடுங்கள்.

யார் எந்த ரிப்போர்ட்டை எக்ஸ்போர்ட் செய்து எடுத்துப் போகிறார்கள் என்று கவனிக்கச் சொல்லியிருக்கிறார்கள். யூசர்கள் செய்வதைப் பதிவு செய்து காட்டும் ஈவென்ட் மானிட்டரிங் லைசென்ஸ் இருக்கிறது. (அது இல்லையென்றால் லாகின், லாக்அவுட் மாதிரி சில லாக்குகள்தான், அதுவும் ஒரு நாளுக்கு மட்டும்.)

அந்தப் பதிவுகள் வரும் ஈவென்ட் லாக் ஃபைலில் 'ரிப்போர்ட் எக்ஸ்போர்ட்' என்று தனி வகையே வருகிறது. யூசர் ஐடி, ரிப்போர்ட்டின் முகவரி எல்லாம் உண்டு; எத்தனை வரி (ரோ) போனது என்பது மட்டும் இல்லை. எனக்கு வேண்டியதே அதுதான். பத்து வரி எடுத்தவரையும் மொத்த கஸ்டமர் லிஸ்டை அள்ளியவரையும் ஒரே தட்டிலா வைப்பது?

சரி, டிரான்சாக்ஷன் செக்யூரிட்டி பாலிசி (குறிப்பிட்ட செயலைத் தடுக்கவோ அறிவிக்கவோ வைக்கும் விதி) போடலாம் என்று பார்க்கிறேன். ரிப்போர்ட் ஈவென்ட்டில் 2000 வரியைத் தாண்டினால் பிளாக். ஆனால் மாதக் கடைசியில் அக்கவுண்ட்ஸ் ஆட்கள் பெரிய ஃபைல் எடுத்தே ஆகவேண்டும். தடுத்தால் அடுத்த நிமிடமே எனக்குத்தான் போன் வரும்!

அவர்களுக்கு மட்டும் விலக்கு கொடுக்க கோட் இல்லாமல் நிபந்தனை அமைக்கும் கண்டிஷன் பில்டரே போதுமா, ஏபெக்ஸில் (சேல்ஸ்ஃபோர்ஸின் புரோகிராமிங் மொழி) கோட் எழுத வேண்டுமா? பிளாக் செய்யாமல் அறிவிப்பு மட்டும் வைத்திருப்பவர்கள், மெயில் குவியாமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?