கணக்கு குறைஞ்சுதா, களவு குறைஞ்சுதா?

குழு: வேளச்சேரி – நம்ம குறுக்குத் தெரு
ஞாயிற்றுக்கிழமை

காலை 7:12 – சுந்தரி மாமி: "சென்னையில் குற்றங்கள் குறைந்தன, அச்சம் வேண்டாம்"னு கலர் கலரா ஒரு படம் ஃபார்வர்டு ஆகி வந்திருக்கு. நம்பலாமா? லீவுக்கு ஊருக்குப் போறவா நாலு வீடு இருக்கா.

7:15 – ஆடிட்டர் சேகர்: மாமி, எந்த வருஷத்தோட எந்த வருஷத்தை ஒப்பிட்டிருக்குன்னு முதல்ல பாருங்க. இப்பத்திய கணக்கை 2021-ஓடயோ அதுக்கு முன்னாடி வருஷத்தோடயோ வச்சுப் பார்த்திருந்தா அந்த ஒப்பீடு செல்லாது. 2022 ஜனவரி 1-லேருந்து பழைய சென்னை கமிஷனரேட் சென்னை, தாம்பரம், ஆவடின்னு மூணாச்சு. எல்லை சுருங்கினா வழக்கும் சுருங்கும். நமக்கு அடுத்தாப்ல இருக்கற பள்ளிக்கரணையே தாம்பரம் கணக்குதான்.

7:17 – ஆடிட்டர் சேகர்: 2020-ஐ வச்சாலும் தப்பு. அரசு உத்தரவை மீறினதுக்கான 188-வது பிரிவுல நாடு முழுக்க 2019-ல 29,469 வழக்கு, 2020-ல 6,12,179. ஊரடங்குல வெளிய சுத்தினவனும் 'குற்ற எண்ணிக்கை'தான். அதுக்கடுத்த வருஷம் எதை வச்சுப் பார்த்தாலும் குறைஞ்ச மாதிரிதான் தெரியும்.

7:20 – எஸ்.ஐ. சார் (ஓய்வு): சரியான பேச்சு. இன்னொண்ணும் சேர்த்துக்கோங்க. ஒரு எஃப்.ஐ.ஆர்.ல அஞ்சு பிரிவு போட்டிருந்தாலும் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் அதுல பெரிசா இருக்கற ஒண்ணை மட்டும்தான் எண்ணும். ஆளைக் கொன்னுட்டு நகையை எடுத்துட்டுப் போனா அது கொலைக் கட்டத்துல ஏறும், திருட்டுக் கட்டத்துல வராது.

7:22 – சுந்தரி மாமி: டெல்லி மோசம், கல்கத்தா தேவலைன்னு வருஷா வருஷம் பேப்பர்ல வர்றதே?

7:26 – ஆடிட்டர் சேகர்: டெல்லில வண்டித் திருட்டுக்கு 2015-லேருந்து ஆன்லைன்லயே எஃப்.ஐ.ஆர். ஸ்டேஷன் படி ஏறவே வேண்டாம். பதியறது சுலபமானா எண்ணிக்கை ஏறத்தானே செய்யும்? 'குற்றம் கூடுறது வேற, பதிவு கூடுறது வேற'ங்கற அர்த்தத்துல காப்பகமே தன் அறிக்கைல எழுதி வைக்குது. அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் ஃபார்வர்டு பண்றதில்ல 🙂 அப்புறம் பெருநகரங்களுக்கு 'லட்சம் பேருக்கு இத்தனை'ன்னு போடறாங்களே, அதுல வகுக்கறது 2011 மக்கள்தொகையை வச்சு. மேல இருக்கற எண் புதுசு, கீழ இருக்கற எண் பழசு.

7:29 – செயலாளர் ரகு: அப்போ எதைத்தான் சார் பார்க்கறது?

7:33 – எஸ்.ஐ. சார் (ஓய்வு): கொலை, ஆதாயக் கொலை, கூட்டுக்கொள்ளை. இதையெல்லாம் பதியாம விட முடியாது, அதனால அந்த எண் ஓரளவு நிஜம் பேசும். வழிப்பறி, கன்னக்களவு, சாதாத் திருட்டுன்னு கீழ இறங்க இறங்க, எண்ணிக்கை ஸ்டேஷன் ரைட்டர் கையில இருக்கு. 'களவு போன சொத்து மதிப்பு' இத்தனை கோடின்னு வர்றதையும் அப்படியே எடுத்துக்காதீங்க. தங்கம் விலை ஏறினா அதே பத்து சவரன் அடுத்த வருஷம் பெரிய தொகை. சவரன்ல கேளுங்க.

7:36 – வக்கீல் உமா: ரைட்டர் கையிலன்னு சார் சொன்னதை விரிச்சுச் சொல்றேன். மனு கொடுத்தா சி.எஸ்.ஆர். ரசீது தருவாங்க. அது எஃப்.ஐ.ஆர். இல்ல. வருஷக் கணக்குல ஏறாது. போனைப் பிடுங்கிட்டு ஓடினவனைப் பத்தி 'கை தவறித் தொலைஞ்சுது'ன்னு எழுதிக் கொடுத்துட்டு ரசீதோட திரும்பினா, அந்தப் பறிப்பு நடக்கவே இல்லைன்னு ஆயிடும். ரோந்து எங்கே போடணும்னு முடிவு பண்றதும் அதே பதிவை வச்சுத்தான்.

7:38 – வக்கீல் உமா: 2024 ஜூலை 1-லேருந்து பறிப்புக்குன்னே தனிப் பிரிவு இருக்கு, பி.என்.எஸ். 304 (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த புது தண்டனைச் சட்டம்). மூணு வருஷம் வரைக்கும் தண்டனை. முன்னாடி இதையே சிலது 379 திருட்டுல, சிலது 392 வழிப்பறில போடுவாங்க. சேகர் சார், உங்க ஒப்பீட்டுக்கு இது இன்னொரு முறிவு.

7:39 – ஆடிட்டர் சேகர்: ஆமா மேடம், அதை மறந்தே போயிட்டேன். 2024-ல பாதி வருஷம் பழைய பிரிவு, பாதி வருஷம் புதுசு.

7:41 – செயலாளர் ரகு: எங்க எல்லை இல்ல, பள்ளிக்கரணைக்குப் போங்கன்னு அனுப்பினா?

7:46 – வக்கீல் உமா: போக வேண்டாம். புது குற்ற நடைமுறைச் சட்டம் பி.என்.எஸ்.எஸ். 173-ல எந்த எல்லைல நடந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் வாங்கணும். ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு அவங்களே மாத்தி அனுப்புவாங்க. மின்னணு வழியா புகார் அனுப்பினா மூணு நாளைக்குள்ள நேர்ல போய்க் கையெழுத்துப் போடணும், இல்லைன்னா பதிவாகாது. நிறைய பேர் இங்கதான் கோட்டை விடறாங்க. எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்க. மறுத்தா புகாரின் சாரத்தை எழுதி டி.சி.க்கு (துணை கமிஷனர்) தபால்ல அனுப்பி ரசீதைப் பத்திரமா வைங்க. அதுக்கும் பதில் இல்லைன்னா மாஜிஸ்திரேட்.

7:48 – சுந்தரி மாமி: போன் போனா வேற ஏதோ நம்பர் வேணும்பாளே?

7:52 – கேமரா பாஸ்கர்: ஐ.எம்.இ.ஐ. மாமி, போனோட தனி அடையாள எண். *#06# அடிச்சா வரும், ரெண்டு சிம் போன்ல ரெண்டு நம்பர் இருக்கும், ரெண்டையும் எழுதி வைங்க. திருடு போனா முதல்ல டூப்ளிகேட் சிம், அப்புறம் போலீஸ் புகார் நகல், அப்புறம் மத்திய தொலைத்தொடர்புத் துறையோட சஞ்சார் சாத்தி தளத்துல சி.இ.ஐ.ஆர். பகுதில போனை பிளாக் பண்ணணும். புது சிம்முக்கு முதல் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வராது. ஓ.டி.பி. வரலைன்னு பாதில விட்டுடாதீங்க, மறுநாள் போடுங்க.

8:05 – செயலாளர் ரகு: ஊருக்குப் போறவங்க விஷயத்துக்கு வரலாமா? சார், ஸ்டேஷன்ல என்ன எழுதிக் கொடுக்கணும்?

8:11 – எஸ்.ஐ. சார் (ஓய்வு): ஒரு வெள்ளைத்தாள் போதும். கதவு எண், எந்த மாடி, கிளம்பற தேதி, திரும்பற தேதி, உங்க நம்பர், சாவி யார்கிட்ட இருக்கு, வாசல்ல நிக்கற வண்டி நம்பர். எல்லாத்துக்கும் மேல, வீட்டுக்கு யார் வரலாம்: வேலைக்கார அம்மா, செடிக்குத் தண்ணி ஊத்த வர்ற பையன். இது இல்லைன்னா ரோந்துக்காரர் சந்தேகப்பட வேண்டியவனை விட்டுட்டு அந்தப் பையனை நிறுத்தி வச்சிருப்பார். தெருவுல பட்டா புத்தகம் (ரோந்து வர்ற போலீஸ் கையெழுத்துப் போடற நோட்டு) இருந்தா ராத்திரி ரெண்டுலேருந்து நாலுக்குள்ள கையெழுத்து விழுதான்னு சங்கத்துல ஒருத்தர் வாரம் ஒரு தடவை பாருங்க. தினம் ஒரே நேரத்துக்கு விழுந்தா இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லி மாத்தச் சொல்லுங்க. நோட்டம் விடறவன் அந்த நேரத்தையும்தான் குறிச்சு வைப்பான்.

8:14 – எஸ்.ஐ. சார் (ஓய்வு): பூட்டு கேட்டுக்கு வெளிப்பக்கம் தொங்கக் கூடாது, உள்பக்கமாப் போடுங்க. பால், பேப்பர் நிறுத்துங்க. வாசல் விளக்கை எரியவிட்டுப் போறது பாதுகாப்புன்னு நினைக்கறீங்க. பகல் பன்னண்டு மணிக்கும் எரிஞ்சா, வீட்ல ஆள் இல்லைங்கறதுக்கு அதுவே போர்டு. பீரோ சாவியை பீரோ மேலயே வைக்கறது நம்ம ஊர்ல தீராத வியாதி.

8:15 – சுந்தரி மாமி: 🙈

8:19 – வக்கீல் உமா: நகை பில், எடை, போட்டோ மூணும் வீட்டுக்கு வெளில ஒரு இடத்துல இருக்கட்டும். 2023 ஏப்ரலுக்கப்புறம் வாங்கின ஹால்மார்க் நகைல ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. (ஒவ்வொரு நகைக்கும் தனி அடையாளக் குறி) இருக்கும், அதையும் குறிச்சுக்கோங்க. மீட்ட நகையை கோர்ட்ல திரும்ப வாங்க 'இது என்னுதுதான்'னு காட்டணுமே. உருக்கிட்டான்னா எடையும் பில்லும்தான் பேசும்.

8:24 – செயலாளர் ரகு: பாஸ்கர், நம்ம ஆறு கேமராவும் வேலை செய்யுதா?

8:31 – கேமரா பாஸ்கர்: ஓடுது, ஆனா உபயோகப்படுமான்னு கேட்டா பாதிதான். முனைல இருக்கறது பதினஞ்சு அடி உயரம். அதுல விழறது ஹெல்மெட் உச்சிதான். முகம் வேணும்னா எட்டு, ஒன்பது அடிக்கு இறக்கணும். நம்பர் பிளேட்டுக்குத் தனிக் கேமரா வேணும்: ஷட்டர் 1/500-க்கு மேல, தெருவை நேரா நோக்கி, பக்கவாட்டுக் கோணம் 30 டிகிரிக்குள்ள. இப்ப இருக்கற 'ஆட்டோ'ல ராத்திரி ஹெட்லைட் வெளிச்சத்துல பிளேட் வெறும் வெள்ளைக் கட்டிதான்.

8:34 – கேமரா பாஸ்கர்: ஹார்டு டிஸ்க் கணக்கு: 2 மெகாபிக்சல், 2 எம்.பி.பி.எஸ்.னு வச்சா ஒரு கேமரா நாளைக்கு 21.6 ஜி.பி. ஆறுக்கு 130 ஜி.பி. நம்மகிட்ட இருக்கறது 1 டி.பி., ஏழு நாள்ல பழசு அழிஞ்சுடும். பத்தாம் நாள் போலீஸ் வந்து கேட்டா ஒண்ணும் இருக்காது. 4 டி.பி. போட்டா முப்பது நாள். சாதா கம்ப்யூட்டர் டிஸ்க் வேண்டாம், கண்காணிப்புக்குன்னு வர்றதையே வாங்கணும்.

8:36 – கேமரா பாஸ்கர்: டி.வி.ஆர். (கேமரா பதிவுப் பெட்டி) கடிகாரம் இப்ப 11 நிமிஷம் பின்னாடி ஓடுது. உள்ள இருக்கற பட்டன் பேட்டரி தீர்ந்தா கரண்ட் போய் வந்ததும் தேதியே மாறிடும். பேட்டரி மாத்தி, நெட்ல நேரம் எடுக்கற மாதிரி செட் பண்ணணும்.

8:39 – வக்கீல் உமா: நேரம் தப்பா இருந்தா எதிர்த்தரப்பு வக்கீல் முதல் கேள்வியே அதைத்தான் கேப்பாங்க. பதிவை கோர்ட்ல ஏத்த புது சாட்சியச் சட்டம் 63(4) சான்றிதழ் வேணும். பாகம் 'அ' சங்கம், பாகம் 'ஆ' நிபுணர், கூடவே ஹாஷ் மதிப்பு, அதாவது பதிவை யாரும் மாத்தலைன்னு காட்டற டிஜிட்டல் கைரேகை. டி.வி. திரையை போன்ல படம் புடிச்சு குழுல போடறதால வழக்குக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல.

8:44 – எஸ்.ஐ. சார் (ஓய்வு): கேமரா ஒண்ணொண்ணா ஒண்ணும் செய்யாது, தொடர்ச்சி வேணும். 2025 மார்ச் 25 காலைல சைதாப்பேட்டை, பெசன்ட் நகர், நம்ம பக்கம்னு வரிசையா செயின் பறிச்சாங்களே, வெளி மாநிலத்து ஆளுங்க, வந்தது விமானத்துல. சட்டையை மாத்தினவங்க ஷூவை மாத்தலை. அதை வச்சுத்தான் ஏர்போர்ட்ல அடையாளம் கண்டாங்க. ஒரு கேமராவுல அறுந்திருந்தா விமானம் கிளம்பியிருக்கும்.

8:47 – சுந்தரி மாமி: இந்த ரவுடிப் பட்டியல், குண்டாஸ் எல்லாம் பிரயோஜனமா?

8:53 – வக்கீல் உமா: குண்டர் சட்டம் 1982-ல வந்தது, அதுல அதிகபட்சம் பன்னண்டு மாசம் தடுப்புக் காவல்ல வைக்கலாம். உள்ள இருக்கறவர் கொடுத்த மனுவை லேட்டா பரிசீலிச்சா, அவருக்குக் கொடுத்த நகல் படிக்க முடியாம இருந்தா, ஹைகோர்ட்ல உடைஞ்சுடும். நன்னடத்தைப் பிணையப் பத்திரம் எழுதி வாங்கற அதிகாரத்தை டி.சி.க்களுக்குக் கொடுத்த அரசாணைகளையும் 2023 மார்ச்ல ஹைகோர்ட் ரத்து பண்ணிச்சு. தடுப்புன்னா பிடிச்சு வைக்கறது மட்டுமில்ல. அரசுப் பள்ளிப் பசங்களை நல்வழிப்படுத்த 'சிற்பி'ன்னு ஒரு போலீஸ் திட்டம் 2022-ல ஆரம்பிச்சாங்க, முதல்ல நூறு பள்ளி, பள்ளிக்கு அம்பது பேர்.

8:55 – எஸ்.ஐ. சார் (ஓய்வு): சிற்பியோட பலன் எந்த வருஷாந்திர அட்டவணைலயும் வராது. அதனால அதுக்குப் பேப்பர்ல இடமும் கிடைக்காது.

9:02 – ஆடிட்டர் சேகர்: இணையப் பண மோசடியை விட்டுட்டோம். அதுக்கு உதவி எண் 1930. கூப்பிடறதுக்கு முன்னாடி கையில: போன தொகை, நேரம், உங்க கணக்கு எண், 12 இலக்க யு.டி.ஆர். எண் (அந்தப் பணப் பரிமாற்றத்தோட எண்). பணம் நிமிஷக் கணக்குல வாடகைக் கணக்குகளுக்கு (மோசடிக்காரன் அடுத்தவங்ககிட்ட வாடகைக்கு எடுத்த பேங்க் கணக்குகள்) பிரிஞ்சு போயிடும், அதனால பேங்க் மேனேஜரைத் தேடி ஓடாம முதல்ல 1930. வர்ற ஒப்புகை எண்ணை வச்சு தேசிய சைபர் குற்றத் தளத்துல 24 மணி நேரத்துக்குள்ள முழுப் புகாரும் பதியணும். 'டிஜிட்டல் அரெஸ்ட்'னு சட்டத்துல ஒண்ணு கிடையவே கிடையாது மாமி, வீடியோ கால்ல யூனிஃபார்ம் தெரிஞ்சா கட் பண்ணுங்க.

9:04 – வக்கீல் உமா: முடக்கின பணம் எல்லாச் சமயமும் தானா திரும்பாது. பெரிய தொகைன்னா மாஜிஸ்திரேட்கிட்ட பி.என்.எஸ்.எஸ். 503-ல மனு போட வேண்டி வரும்.

9:10 – செயலாளர் ரகு: சரி. முனைக் கேமராவை இறக்கறது, 4 டி.பி. டிஸ்க், பட்டன் பேட்டரி. பாஸ்கர், விலை எழுதி அனுப்புங்க. ஊருக்குப் போற நாலு வீடும் இன்னிக்கே எனக்குத் தேதி சொல்லுங்க, ஒரே மனுவா கொண்டு போறேன். நகல்ல ஸ்டேஷன் சீல் வாங்கிட்டு வரேன்.

9:12 – கேமரா பாஸ்கர்: ஏணி யார் வீட்ல இருக்கு? மூணாவது கேமரா முன்னாடி சிலந்தி வலை கட்டியிருக்கு. ராத்திரி அது அசையறதைத்தான் 'நடமாட்டம்'னு பதிவு பண்ணி டிஸ்க்கை ரொப்பிட்டிருக்கு.

9:13 – சுந்தரி மாமி: ஏணி எங்காத்துல. பீரோ சாவியை மாத்தி வச்சுட்டு வரேன், இரு.