லாங் ரைடுல சுண்டு விரல் மரத்துப் போகுது, கிளவுஸ் மாத்தினா போதுமா?

சக்கரம்77:
ரோடு பைக் ஓட்டுறேன். ஒரு மணி நேரம் தாண்டினாலே சுண்டு விரலும் பக்கத்துல மோதிர விரல்ல பாதியும் மரத்துப் போயிடுது, முன்னெல்லாம் இறங்கி கையை உதறினா சரியாயிடும், இப்ப மறுநாள் வரைக்கும் குறுகுறுன்னு இருக்கு. சட்டை பட்டன் போடுறதுக்கும் சாவி திருப்புறதுக்கும் கை தடுமாறுது. கூட ஓட்டுறவங்க கார்பல் டன்னல்னு, அதாவது மணிக்கட்டுல நரம்பு அழுந்துற பிரச்சனைன்னு சொல்றாங்க. ஜெல் வச்ச கிளவுஸ் வாங்கலாமா, டாக்டர்கிட்ட போகணுமா?

இயன்முறை_நண்பன்:
ப்ரோ, இது கார்பல் டன்னல் மாதிரி தெரியல. அதுல மீடியன் நரம்பு அழுந்தும், கட்டை விரல், ஆள்காட்டி, நடு விரல் பக்கம்தான் மரத்துப் போகும். உங்களுக்கு சுண்டு விரல் பக்கம், அதாவது அல்நார் நரம்பு. உள்ளங்கையோட அடிப்பாகத்துல சுண்டு விரல் பக்கமா ரெண்டு சின்ன எலும்புக்கு நடுவுல கையான் கெனால்னு ஒரு குறுகலான வழி இருக்கு, நரம்பு அது வழியாத்தான் போகுது, நாம ஹேண்டில்பார்ல உடம்பு வெயிட்டை போடுற இடமும் சரியா அதுதான். மணிக்கட்டை பின்னாடி மடக்கிட்டே பிடிச்சா நரம்பு இழுபடவும் செய்யும், ரோட்டு அதிர்வு வேற. ஒண்ணு பாத்து சொல்லுங்க, புறங்கைல சுண்டு விரல் பக்கம் மரத்துப் போகுதா? அந்த இடத்துக்கு உணர்வு தர்ற கிளை மணிக்கட்டுக்கு மேலயே பிரிஞ்சிடும், அதனால அங்கயும் மரத்திருந்தா பிரச்சனை முழங்கைலயோ கழுத்துலயோ இருக்கலாம்.

சக்கரம்77:
புறங்கை நல்லா இருக்கு அண்ணா, உள்ளங்கை பக்கம் மட்டும்தான். சீட்டோட மூக்கு கொஞ்சம் கீழ சாஞ்சிருக்கு, கீழ வலி வருதுன்னு அப்படி வச்சேன், அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்கா?

மெக்கானிக்_மனசு:
நிச்சயமா இருக்கு தம்பி! மூக்கு சாஞ்சா உடம்பு முன்னாடி வழுக்கிட்டே இருக்கும், அதைத் தடுக்க கை முழு நேரமும் முட்டுக் கொடுக்கணும். முதல்ல சீட்டை மட்டமா வைங்க, வலி திரும்ப வந்தா சீட்டை மாத்துங்க, சாய்க்காதீங்க. ஹேண்டில்பார் ரொம்ப எட்டியோ தாழ்ந்தோ இருந்தா குட்டையான ஸ்டெம் (ஹேண்டில்பாரைத் தாங்குற தண்டு) போட்டு கொஞ்சம் ஏத்திப் பாருங்க. டயர்ல காத்தைக் கல்லு மாதிரி அடைக்க வேண்டாம், ஃப்ரேம்ல இடம் இருந்தா அகலமான டயர் போட்டு காத்தைக் குறைச்சாலே அதிர்வு நிறைய குறையும். கிளவுஸ் உதவும்தான், ஆனா பேட் தப்பான இடத்துல தடிமனா இருந்தா அதுவே நரம்பை அழுத்தும், அதனால பொசிஷனை சரி பண்ணாம கிளவுஸை மட்டும் நம்பாதீங்க. ஓட்டும்போது ஹூட்ஸ் (பிரேக் லீவரோட மேல்பகுதி), ட்ராப்ஸ் (ஹேண்டில்பார்ல கீழ வளைஞ்ச பகுதி), மேல்பாருன்னு சில நிமிஷத்துக்கு ஒரு தடவை கையை மாத்துங்க, முழங்கை லேசா மடங்கியே இருக்கட்டும், மணிக்கட்டு நேரா இருக்கட்டும்.

இயன்முறை_நண்பன்:
மேல சொன்னதெல்லாம் செய்யுங்க, ஆனா எனக்குக் கவலையா இருக்கிறது அந்த பட்டன், சாவி விஷயம். மரத்துப் போறது வேற, பலம் குறையிறது வேற. ஒரு பேப்பரை கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலோட பக்கவாட்டுக்கும் நடுவுல பிடிச்சுக்கிட்டு இன்னொருத்தரை இழுக்கச் சொல்லுங்க. கட்டை விரல் நுனிமூட்டு மடங்கினாத்தான் பிடிக்க முடியுதுன்னா அல்நார் நரம்பு இயக்குற தசை பலவீனமாகுதுன்னு அர்த்தம். சில சைக்கிள்காரங்களுக்கு அந்த நரம்போட ஆழமான கிளை மட்டும் அழுந்தும், மரப்பே இல்லாம பலம் மட்டும் போகும், அதனாலதான் லேட்டா கண்டுபிடிக்கிறாங்க.

சக்கரம்77:
இப்பத்தான் செஞ்சு பாத்தேன், வலது கைல மடங்குது. இடது கை சரியா இருக்கு.

இயன்முறை_நண்பன்:
அப்ப தள்ளிப் போடாதீங்க ப்ரோ. நியூராலஜிஸ்ட் இல்லேன்னா கை சர்ஜன்கிட்ட காட்டுங்க, நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட் (நரம்புல சிக்னல் எவ்வளவு வேகமா போகுதுன்னு பாக்குறது) எடுத்தா எங்க அழுத்தம்னு ஓரளவு தெரியும். சுகர், தைராய்டு, பி12 குறைவு இருந்தாலும் நரம்பு சீக்கிரம் பாதிக்கப்படும், அதையும் பாத்துடுவாங்க. அதுவரைக்கும் கைல வெயிட் போட்டு ஓட்டவே வேண்டாம். நரம்போட மேலுறை மட்டும் பாதிச்சிருந்தா அழுத்தத்தை எடுத்தவுடனே சில வாரத்துலயோ மாசத்துலயோ திரும்பிடும், பெரும்பாலானவங்களுக்கு அப்படித்தான். உள்ள இழையே அறுபட்டிருந்தா நாளைக்கு சுமார் 1 மில்லிமீட்டர்தான் வளரும். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல புறங்கைப் பக்கம் குழி விழுந்திருக்கான்னு ரெண்டு கையையும் பக்கத்துல வச்சு பாருங்க, இருந்தா டாக்டர்கிட்ட அதை முதல்ல சொல்லுங்க.