சிக்னலில் நின்றால் ஏசி குளிர்வதில்லை, ஓடினால் குளிர்கிறது: கேஸ் ஏற்றியும் சரியாகவில்லை

நெல்லைப் பழகுநர்

அனைவருக்கும் வணக்கம். ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படிப்பை முடித்துவிட்டு, ஏழு மாதமாகத் திருநெல்வேலியில் ஒரு கார் ஏசி பட்டறையில் வேலை கற்று வருகிறேன். இந்தத் தொழிலிலேயே நிலைக்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் இதுவரை கற்றது கேஜ் (அழுத்தமானி) மாட்டுவதும் கேஸ் (குளிரூட்டும் வாயு) ஏற்றுவதும்தான். ஏன் என்று கேட்டால், கை பழகினால் தானாக வரும் என்கிறார்கள்.

இப்போது ஒரு வண்டி என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. 2014ஆம் ஆண்டு வந்த சிறிய பெட்ரோல் கார். ஓடும்போது நன்றாகக் குளிர்கிறது. ஐந்து நிமிடம் நின்றால் வெறும் காற்றுதான் வருகிறது. கேஸ் குறைவாக இருக்கும் என்று சொல்லி ஏற்றச் சொன்னார்கள். 450 கிராம் டின்னில் பாதியை ஏற்றினேன். அதன் பிறகு நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. வெளியே 36 டிகிரி வெயில். நின்ற நிலையில் குறைந்த அழுத்தப் பக்கத்து நீலக் கேஜ் 60 பிஎஸ்ஐ (அழுத்த அலகு), உயர் அழுத்தப் பக்கத்துச் சிவப்புக் கேஜ் 340 காட்டுகிறது. சற்று நேரத்தில் கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர் தானாக நின்றுவிடுகிறது. காலையில் இன்ஜின் ஆறியிருந்தபோது இரண்டு முள்ளும் 100ஐ ஒட்டி நின்றன. ஆகவே கேஸ் அளவு சரி என்று நினைக்கிறேன். சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் விசிறி சுற்றுவதையும் பார்த்தேன். எங்கே தவறுகிறேன்?

கொங்குப் பட்டறை

கம்ப்ரசர் தேய்ந்திருக்கும். இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது தள்ளும் சக்தி இல்லாமல் போகும், வேகம் எடுத்தால் குளிரும். இப்படி இரண்டு வண்டி பார்த்திருக்கிறேன்.

மதுரை மூத்தவர்

கொங்குத் தம்பி, கம்ப்ரசர் தேய்ந்தால் நீலம் ஏறும், சிவப்பு இறங்கும். இரண்டு முள்ளும் ஒன்றை நோக்கி ஒன்று வரும். இங்கே சிவப்பு 340. இவ்வளவு தள்ளுகிற கம்ப்ரசரைக் கழற்றி அந்த வண்டிக்காரருக்குப் பெரிய செலவு வைத்துவிடாதீர்கள்.

நெல்லைத் தம்பி, முள் இரண்டும் சேர்ந்து ஏறினால் முதலில் கண்டென்சர் பக்கம் பாருங்கள். காற்றைக் குளிர வைக்கும் கூலிங் காயில் வண்டிக்குள்ளிருந்து வாங்கிய சூட்டைக் கண்டென்சர் வெளியே விட வேண்டும். வண்டி ஓடினால் எதிர்க்காற்றே அந்த வேலையைச் செய்துவிடும். நின்றால் விசிறி மட்டும்தான் கதி. ஓடும்போது குளிர்கிறது என்று நீங்கள் எழுதிய வரியிலேயே பாதி விடை இருக்கிறது.

விசிறி சுற்றியது என்கிறீர்கள். எப்போது பார்த்தீர்கள்? இன்ஜின் சூடேறி, விசிறி இரைச்சலோடு ஓடும்போதா? உங்கள் வண்டியில் விசிறிக்கு இரண்டு வேகம் இருக்கும் என்று நினைக்கிறேன். ஏசி போட்டவுடன் குறைந்த வேகத்தில் சுற்ற வேண்டும். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஏசியைப் போட்டுவிட்டு முன்னால் நின்று கவனியுங்கள். ஒரு தாளைக் கண்டென்சர் முன்னால் பிடியுங்கள். விசிறி ஒழுங்காக இழுத்தால் தாள் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு குழாய்த் தண்ணீரை மெதுவாகக் கண்டென்சர் மேல் விடுங்கள். சிவப்பு முள் மளமளவென்று இறங்கி உள்ளே குளிர் வந்தால், சூடு வெளியேற வழி இல்லை என்பது உறுதி.

அடுத்தது அந்த 100. இந்த இடத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். இந்த வண்டியின் கேஸான ஆர்-134ஏ மூடிய குழாய்க்குள் திரவமாகக் கொஞ்சம் மிச்சம் இருந்தால்கூட, நிறுத்திய நிலையில் அதன் அழுத்தத்தை வெப்பம்தான் தீர்மானிக்கும். 30 டிகிரியில் ஏறக்குறைய 97 பிஎஸ்ஐ. உள்ளே 200 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் முள் அதே இடத்தில்தான் நிற்கும். ஆகவே 100 என்பது உள்ளே கேஸ் இருக்கிறது என்று மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. அதற்குத் தராசு வேண்டும்.

நான் தொழில் கற்றது ஆர்-12 என்ற பழைய கேஸ் காலத்தில். சைட் கிளாஸில், அதாவது உள்ளே ஓடும் கேஸைப் பார்க்கும் சிறு கண்ணாடியில், குமிழி மறையும் வரை ஏற்றுவோம். அந்தப் பழக்கம் இன்னும் பல பட்டறைகளை விட்டுப் போகவில்லை. இப்போதைய வண்டிகளில் கேஸ் அளவே குறைவு, ஐம்பது கிராம் கூடினாலும் குறைந்தாலும் குளிரில் தெரியும். பானெட்டுக்கு அடியில் ஸ்டிக்கரில் அளவு எழுதியிருக்கும், பாருங்கள்.

கூடுதல் கேஸைக் காற்றில் திறந்துவிடாதீர்கள். ஆர்-12 ஓசோனை அரித்தது. 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பிறகுதான் படிப்படியாக நீக்கினார்கள். ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது, ஆனால் கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ 1,430 மடங்கு புவியைச் சூடாக்கும். கேஸை உறிஞ்சிச் சேமிக்கும் மீட்பு இயந்திரம் உள்ள பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் குழாயைக் கழற்றாதீர்கள். அது மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும் பொருள், கண்ணில் பட்டால் பார்வையே போய்விடலாம்.

நெல்லைப் பழகுநர்

ஐயா, மிக்க நன்றி. இன்று காலை நீங்கள் சொன்னபடி பார்த்தேன். ஏசி போட்டவுடன் விசிறி அசையவே இல்லை. தாள் கையிலேயே தொங்கியது. சிவப்பு 340ஐத் தொட்டு வெகுநேரம் கழித்து, இன்ஜின் சூடான பிறகு, விசிறி பெரும் இரைச்சலோடு ஒரு நிமிடம் ஓடி நின்றது. நான் அன்று பார்த்தது இதைத்தான். தண்ணீர் விட்டதும் சிவப்பு 220க்கு இறங்கியது.

மல்டிமீட்டர் வைத்துத் தேடினேன். விசிறியின் குறைந்த வேகத்துக்காக மின்சாரத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் எரிந்திருந்தது. கழற்றிப் பார்த்தால் கம்பிச் சுருள் கருகி ஓரிடத்தில் அறுந்து நிற்கிறது. புதிது மாட்டியதும் விசிறி ஓடியது, ஆனாலும் சிவப்பு 290க்குக் கீழே வரவில்லை. தெரிந்த பட்டறையில் இயந்திரத்தில் மீட்டுப் பார்த்தோம்: 580 கிராம். ஸ்டிக்கரில் இருப்பது 400.

மதுரை மூத்தவர்

இரண்டு கோளாறு சேர்ந்திருக்கிறது. முதலாவது வண்டியுடையது, இரண்டாவது நாம் ஏற்றியது. இனி குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சும் வேக்குவம் பம்பை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட விடுங்கள். பிறகு வால்வை மூடிப் பதினைந்து நிமிடம் முள்ளைப் பாருங்கள். ஏறினால் எங்கோ கசிவு. நின்றால் தராசில் நிறுத்துச் சரியாக 400 கிராம் ஏற்றுங்கள்.

இந்தத் தொழிலிலேயே நிலைக்க ஆசை என்றீர்கள். அறுந்த ரெசிஸ்டரைக் கேஜ் காட்டாது, மல்டிமீட்டர்தான் காட்டியது. ரிலே, பிரஷர் சுவிட்ச், வயரிங் வரைபடம் ஆகியவற்றை இப்போதே படிக்கத் தொடங்குங்கள். சொந்தமாக ஒரு தராசும் தெர்மாமீட்டரும் வாங்குங்கள். வரும் ஒவ்வொரு வண்டிக்கும் வெளி வெப்பம், நீலம், சிவப்பு, உள்ளே வரும் காற்றின் வெப்பம் என்று நான்கு எண்களை நோட்டில் எழுதுங்கள். நூறு வண்டி எழுதிய பிறகு, முள்ளைப் பார்த்ததும் கோளாறு எந்தப் பக்கம் என்று உங்களுக்கே பிடிபடும்.

கொங்குப் பட்டறை

ஐயா சொன்னது சரி. என் இரண்டு வண்டிகளிலும் சிவப்பு 150ஐத் தாண்டவில்லை. அதைக் கேட்காமலே பதில் எழுதிவிட்டேன். தம்பி, மன்னிக்கவும்.

நெல்லைப் பழகுநர்

அண்ணா, மன்னிப்பெல்லாம் வேண்டாம். உங்கள் பதிலால்தான் தேய்ந்த கம்ப்ரசர் எப்படிக் காட்டும் என்று தெரிந்துகொண்டேன்.

வேலை முடிந்தது. வெளியே 35 டிகிரி, நீலம் 38, சிவப்பு 235, நின்ற நிலையில் காற்று 9 டிகிரி. நோட்டின் முதல் வரி இதுதான். உரிமையாளரிடம் கூடுதல் கேஸ் ஏற்றியது நாங்கள்தான் என்று சொல்லி, அந்தக் கூலியைத் திருப்பிக் கொடுத்தோம். ஒரே ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். மீட்டபோது இயந்திரத்தின் புட்டியில் 15 மில்லி எண்ணெய் வந்தது. கம்ப்ரசருக்கான பிஏஜி எண்ணெயை அதே 15 மில்லி ஏற்றினேன். சரிதானே?

மதுரை மூத்தவர்

சரி. கேஸ் ஓடும் பாகம் எதையும் மாற்றாததால் வந்த அளவே போதும். எண்ணெய் டப்பாவின் மூடியை உடனே இறுக்கி வைத்தீர்களா? பிஏஜி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். திறந்து கிடந்திருந்தால் அந்த டப்பாவை அடுத்த வண்டிக்கு எடுக்காதீர்கள்.